ஆட்டோகிளேவில் வைத்த ஹைட்ரோஜெல் கரைந்தே போய்விட்டது: தன்மை கெடாமல் கிருமிநீக்கம் செய்ய என்ன வழி?

குளிர்ஜெல் · செவ்வாய், இரவு 9:52

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. பாலிவினைல் ஆல்கஹால், சுருக்கமாக பிவிஏ, அதை உறையவைத்து உருக்கி ஹைட்ரோஜெல், அதாவது நீரைப் பிடித்துவைக்கும் பாலிமர் வலை, செய்கிறேன். தீப்புண் மேல் போடும் ஆடையாக இதைக் கொண்டுவர வேண்டும் என்பது ஆசை. 10 சதவீதக் கரைசல், மைனஸ் 20 டிகிரியில் 16 மணி நேரம், அப்புறம் அறை வெப்பத்தில் 8 மணி நேரம். இப்படி 5 சுற்று. கடைசியில் 3 மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளை வட்டு கிடைக்கும். கையில் எடுத்தால் இளநுங்கு மாதிரி இருக்கும், வளைத்தாலும் உடையாது.

அடுத்த மாதம் எலிகளில் சோதனை. அதற்குக் கிருமிநீக்கம் செய்த வட்டுகள் வேண்டும். நேற்று 12 வட்டுகளை உப்புக்கரைசலில் போட்டு ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கலனில், 121 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். ஆறிய பிறகு திறந்து பார்த்தால் பாட்டிலில் ஒரு வட்டுகூட இல்லை. வடித்த கஞ்சி போலக் கொழகொழவென்று ஏதோ இருக்கிறது. மூன்று வார வேலை போய்விட்டது.

இதற்கு முன் 70 சதவீத எத்தனாலில் ஓர் இரவு ஊறவைத்துப் பார்த்தேன். வட்டு சுருங்கி ரப்பர் போல இறுகிவிட்டது. திரும்ப உப்புநீரில் போட்டால் வீங்குகிறது, ஆனால் பழைய கனத்துக்கு வரவில்லை. யூவி விளக்கின் கீழ் இரண்டு பக்கமும் அரை மணி நேரம் வைத்தது பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் வளர்ப்பூடகத்தில் போட்டால் ஆறாம் நாள் ஊடகம் கலங்கிவிட்டது, அதாவது கிருமி மிஞ்சியிருக்கிறது.

காமா கதிருக்கு அனுப்பலாமா? எத்திலீன் ஆக்சைடு வாயு? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

பெரியசாமி_பாலிமர் · செவ்வாய், இரவு 10:31

தங்கச்சி, ஒரு கேள்வி. பிவிஏ தூளைத் தண்ணீரில் எப்படிக் கரைத்தீர்கள்? 90 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தானே? உங்கள் ஜெல்லைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது வேதிப் பிணைப்பு இல்லை. உறையும்போது பனிப் படிகங்கள் பாலிமர் சங்கிலிகளை ஓரமாகத் தள்ளி நெருக்குகின்றன. நெருங்கிய சங்கிலிகள் சில இடங்களில் ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு சின்னச் சின்னப் படிகங்களாகின்றன. அந்தப் படிகங்கள்தான் வலையின் முடிச்சுகள். நீரில் மூழ்கியிருக்கும் அந்த முடிச்சுகள் 121 டிகிரியில் எப்படி நிற்கும்? தூளைக் கரைத்த அதே வெப்பம் ஜெல்லையும் கரைத்துவிட்டது. உங்கள் ஆட்டோகிளேவில் எந்தக் கோளாறும் இல்லை.

எத்தனால் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஆல்கஹால் நீரை வெளியே இழுத்துவிடுகிறது, சங்கிலிகள் இன்னும் நெருங்குகின்றன, புதிய படிகங்கள் உருவாகின்றன. மறுபடி நனைத்தாலும் அவை கரைவதில்லை. அதனால்தான் பழைய கனம் வரவில்லை.

எந்த முறை என்று கேட்கும் முன், என் ஜெல்லை எது கட்டி வைத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். நான் மாணவர்களிடம் முதல் நாளே இதைத்தான் சொல்வேன்.

---

லென்ஸ்_வேலை · செவ்வாய், இரவு 11:05

சார் சொல்வதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஓர் உதாரணம். நான் கண் லென்ஸ் தயாரிப்பில் இருக்கிறேன். மென்மையான கான்டாக்ட் லென்ஸும் ஹைட்ரோஜெல்தான். செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிள்ளைகள் விளையாடும் மெர்க்கூர் கட்டுமானப் பெட்டியையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே சுழல் வார்ப்பு இயந்திரம் செய்தார். அதில் வார்த்த பொருளின் பெயர் பாலிஹெமா. எடையில் 38 சதவீதம் நீர். இன்றும் லென்ஸை உப்புக்கரைசலோடு சின்னக் குழியில் அடைத்து, மேலே ஃபாயில் ஒட்டி, அப்படியே ஆட்டோகிளேவில் ஏற்றுகிறார்கள். லென்ஸின் வளைவு மாறுவதில்லை.

அவ்வளவு மெல்லிய லென்ஸ் தாங்குவதற்குக் காரணம், அதன் முடிச்சுகள் எல்லாம் கார்பன் கார்பன் சங்கிலியோடு வேதியியல் முறையில் பிணைந்தவை. கண்ணுக்குள் வைக்கும் ஹைட்ரோபிலிக் (நீரை ஈர்க்கும்) அக்ரிலிக் லென்ஸும் அப்படித்தான், நீரோடு குப்பியில் அடைத்து நீராவியில் முடிப்பார்கள். பிஎம்எம்ஏ என்ற நீரில்லாத கடினப் பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் எத்திலீன் ஆக்சைடு.

பொதியையும் கவனியுங்கள். 1990களின் இறுதியில் ஒரு வகை ஹைட்ரோபிலிக் லென்ஸ், கண்ணில் பொருத்திய பிறகு கால்சியம் படிந்து மங்கியது. ஆராய்ந்தபோது, பொதியிலிருந்த சிலிக்கோன் கேஸ்கெட்டிலிருந்து (அடைப்பு வளையத்திலிருந்து) கசிந்த பொருளுக்கும் அதில் பங்கு இருப்பது தெரிந்தது. ஜெல் எதையும் உறிஞ்சும். எதோடு சேர்த்துச் சூடாக்குகிறீர்கள் என்பது முக்கியம்.

---

செல்வளர்ப்பு · புதன், காலை 7:14

இவ்வளவு கவலை தேவையா? எங்கள் ஆய்வகத்தில் எல்லா ஜெல்லுக்கும் 70 சதவீத எத்தனால், அப்புறம் யூவி, அப்புறம் ஆன்டிபயாட்டிக் கலந்த ஊடகம். பல வருடங்களாக செல்கள் நன்றாகத்தான் வளர்கின்றன. நிறையக் கட்டுரைகளிலும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

---

சிஎஸ்எஸ்டி_செல்வி · புதன், காலை 8:40

தம்பி, தட்டில் வளரும் செல்லுக்கு அது போதலாம். புண்ணில் வைக்கும் பொருளுக்குப் போதாது. நான் மருத்துவமனையின் கிருமிநீக்கப் பிரிவில் 14 வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எத்தனால் பாக்டீரியாவைக் கொல்லும், ஸ்போர்களை, அதாவது சில பாக்டீரியாக்கள் எடுக்கும் எளிதில் சாகாத உறக்க வடிவத்தை, கொல்லாது. அது கிருமி குறைப்பு, கிருமிநீக்கம் இல்லை. யூவி படும் இடத்தை மட்டும் தொடும். இந்தப் பெண்ணின் வட்டு வெள்ளையாக, ஒளி புகாமல் இருக்கிறது. உள்ளே இருப்பதை யூவி எட்டவே எட்டாது. ஆன்டிபயாட்டிக் ஊடகம் கிருமியை அடக்கி வைக்கும், நீங்கள் பார்க்காத அளவுக்கு. எலிக்குள்ளும் மனிதருக்குள்ளும் அந்த ஊடகம் கிடையாது.

புண்ணில் வைக்கும் இப்படிப்பட்ட பொருளைக் கிருமிநீக்கம் செய்தது என்று சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு பொருளில் உயிருள்ள ஒரு கிருமி மிஞ்சும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இதைச் சோதனை செய்து பார்த்து நிரூபிக்க முடியாது, பத்து லட்சம் வட்டை யார் சோதிப்பது? அதனால்தான் செய்முறையை நிரூபிக்கிறோம். நீராவிக்கு ஜியோபாசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் ஸ்போர், எத்திலீன் ஆக்சைடுக்கு பாசிலஸ் அட்ரோஃபேயஸ். அந்த முறையில் சாகக் கடினமான ஸ்போரை வேண்டுமென்றே உள்ளே வைத்து, அது செத்ததா என்று பார்ப்போம்.

ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டது என்று நிம்மதி அடைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பொதி சூட்டைப் பார்த்தது என்று மட்டும்தான் டேப் சொல்லும். பாட்டிலின் நடுவில் இருக்கும் திரவம் 121 டிகிரியைத் தொட்டதா, எத்தனை நிமிடம் நின்றது என்பது அதற்குத் தெரியாது.

---

செல்வளர்ப்பு · புதன், காலை 9:02

அக்கா, ஒளி புகாத ஜெல் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் கட்டுரையிலும் கிருமிநீக்கம் என்றுதான் எழுதியிருக்கிறோம். அடுத்ததில் திருத்தி எழுதுகிறேன்.

---

கோபால்ட்60 · புதன், மதியம் 1:20

காமா பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், கதிர்வீச்சு ஆலையில் வேலை. வழக்கமான அளவு 25 கிலோகிரே (பொருள் உறிஞ்சும் கதிரின் அலகு). ஜெல்லில் முக்கால்வாசிக்கு மேல் நீர் என்பதால் கதிரின் பெரும்பகுதி நீரைத்தான் தாக்கும். நீர் உடைந்து, எதோடும் உடனே வினைபுரியும் துணுக்கான ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும். அது பக்கத்துப் பாலிமர் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். அதற்குப் பிறகு நடப்பது சங்கிலியைப் பொறுத்தது. பிவிஏ, பிவிபி, ஆக்சிஜன் இல்லாத சூழலில் பிஇஜி, இந்தச் செயற்கைப் பாலிமர்களின் சங்கிலிகள் ஒன்றோடொன்று கைகோத்து மேலும் பிணையும். ஆல்ஜினேட், ஹயலுரோனிக் அமிலம், கைட்டோசான் போன்ற சர்க்கரைச் சங்கிலிகள் அறுந்துபோகும். ஒரே ஜெல்லில் இரண்டும் கலந்திருந்தால் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் இளகும்.

ஆக, உங்கள் வட்டு கரையாது. ஆனால் முன்பைவிட இறுகும், குறைவாக வீங்கும். நீர் உடையும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும், சில சமயம் ஜெல்லுக்குள் குமிழியாக நிற்கும்.

பாதிப்பைக் குறைக்க நாங்கள் சொல்வது:

கிருமிச் சுமையைக் குறைத்தால் கதிரின் அளவையும் குறைக்கலாம். கதிர்வீச்சுக் கிருமிநீக்கத்துக்கான ஐஎஸ்ஓ 11137 தரத்தில் 15 கிலோகிரேயை நிரூபிக்க ஒரு வழி இருக்கிறது, ஒரு பொருளில் சராசரி 1.5 கிருமிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 25 கிலோகிரே வழிக்கு 1000 வரை அனுமதி. சுத்தமான நீர், சுத்தமான அச்சு, கையுறை, இவற்றுக்குச் செலவழித்த நேரம் ஜெல்லின் தன்மையாகத் திரும்பி வரும்.

உலர்பனியில் உறையவைத்து அனுப்பினால் ரேடிக்கல்கள் நகர முடியாமல் நிற்கும், சேதம் குறையும். அஸ்கார்பிக் அமிலம் போன்ற ரேடிக்கல் விழுங்கிகளைச் சேர்ப்பவர்களும் உண்டு. எலக்ட்ரான் கற்றை என்றால் சில மணி நேர வேலை நொடிகளில் முடியும், ஆக்சிஜன் உள்ளே புகுந்து சேதம் செய்ய நேரம் இருக்காது. ஆனால் ஊடுருவல் குறைவு, 10 எம்இவி ஆற்றலுள்ள கற்றைகூட நீரில் சில சென்டிமீட்டர்தான் போகும். 3 மில்லிமீட்டர் வட்டுக்கு அது பிரச்சினையே இல்லை.

இன்னொன்று. 25 என்று கேட்டால் பெட்டியின் எல்லா மூலைக்கும் சரியாக 25 கிடைக்காது. குறைந்தபட்சம் 25 என்றால் சில இடங்களில் 35 வரை போகலாம். அதனால் ஜெல்லை 25இல் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள், மேல் எல்லையிலும் சோதியுங்கள். கதிர் படாத ஒரு பெட்டியும் கூடவே பயணம் செய்து திரும்பி வரட்டும். வழியில் பட்ட வெயிலுக்கும் குலுக்கலுக்கும் கதிரைக் குறை சொல்லிவிடக் கூடாது.

---

குளிர்ஜெல் · புதன், இரவு 8:15

நன்றி அண்ணா. இறுகுவது எனக்குப் பெரிய சிக்கல். ஆடை தோலோடு வளைய வேண்டும், புண்ணின் கசிவையும் உறிஞ்ச வேண்டும். வீக்கம் குறைந்தால் அது போய்விடும். அப்படியானால் வாயு முறை?

---

சிஎஸ்எஸ்டி_செல்வி · புதன், இரவு 9:03

ஈர ஜெல்லுக்கு எத்திலீன் ஆக்சைடு வேண்டாம் அம்மா. அந்த நச்சு வாயு நீரில் நன்றாகக் கரையும். ஜெல் அதைக் குடித்துவிட்டு எளிதில் விடாது. உள்ளே எத்திலீன் கிளைக்காலாக மாறும், உப்பு இருந்தால் எத்திலீன் குளோரோஹைட்ரினும் உருவாகும். பெரியவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் 4 மில்லிகிராம்தான் வாயு எச்சத்துக்கு எல்லை என்று ஐஎஸ்ஓ 10993-7 தரம் சொல்கிறது. உலர்த்திவிட்டுச் செய்யலாம் என்றால், உலர்த்தினாலே உங்கள் ஜெல் மாறிவிடும் என்று சார் சொன்ன எத்தனால் கதைதான் திரும்ப வரும். ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மாவும் ஆகாது. அது ஆழ்ந்த வெற்றிடத்தில் நடப்பது. ஈரம் இருந்தால் இயந்திரமே சுற்றை நிறுத்திவிடும்.

---

இழைநார் · புதன், இரவு 10:48

என் ஜெல் வேறு மாதிரி, ஆனாலும் பயன்படலாம். பிஇஜியில் பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு, கோத்தது. நீராவியும் ஆகாது, கதிரும் ஆகாது, எத்திலீன் ஆக்சைடோ பெப்டைடில் உள்ள அமீன், தயோல் குழுக்களோடு வினைபுரிந்து அதைக் கெடுக்கும். கடைசியில், ஜெல் ஆவதற்கு முன்னாலேயே இரண்டு கரைசல்களையும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் லாமினார் பெட்டிக்குள் கலந்து பிணைக்கிறேன். செலவு, கவனம் எல்லாம் அதிகம். ஒவ்வொரு முறையும் கைதான் கிருமியைக் கொண்டுவருமோ என்ற பயம் இருக்கும். ஆனால் ஜெல் பிறந்த பிறகு அதை யாரும் துன்புறுத்துவதில்லை.

மீஉய்ய கார்பன் டை ஆக்சைடும், அதாவது வாயுவாகவும் திரவமாகவும் நடந்துகொள்ளும் நிலையில் உள்ளதும், முயன்றேன். 31 டிகிரி, 74 பார் தாண்டினால் போதும், வெப்பத்துக்குப் பயமில்லை. ஸ்போருக்குத் தனியாகப் போதாது, கொஞ்சம் பெர்அசிட்டிக் அமிலம் சேர்க்க வேண்டும். அழுத்தத்தைக் கொஞ்சம் வேகமாக இறக்கினேன், ஜெல் முழுக்க நுரைத்துவிட்டது. கருவி கிடைப்பவர்கள் பொறுமையாக இறக்கினால் நல்ல வழி.

---

பெரியசாமி_பாலிமர் · வியாழன், காலை 6:30

இழைநார் சொன்ன "ஜெல் ஆவதற்கு முன்னால்" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன்.

10 சதவீத பிவிஏ கரைசலை 0.22 மைக்ரானில் வடிக்க முடியாது, தேன் போல இருக்கும். ஆனால் அதற்கு வெப்பம் பகை இல்லை. கரைசலாக இருக்கும்வரை 121 டிகிரியைத் தாராளமாகத் தாங்கும். உங்கள் ஜெல்லுக்குத்தான் வெப்பம் ஆகாது. அப்படியென்றால் வரிசையை மாற்றுங்கள். கரைசலைக் கடைசிக் குப்பியிலேயே ஊற்றி, மூடி, முத்திரையிட்டு, ஆட்டோகிளேவ் செய்யுங்கள். குப்பியைத் திறக்காமல் அப்படியே உறையவைத்து உருக்குங்கள். ஜெல் மூடிய குப்பிக்குள்ளேயே, கிருமியில்லாமல் பிறக்கும். புண்ணுக்குப் பக்கத்தில்தான் குப்பி திறக்கும்.

இந்த யோசனை புதிதில்லை. 1980களில் போலந்தின் வூச் நகரில் யானுஷ் ரோசியாக் குழு இதையே கதிரால் செய்தது. பிவிபி, பிஇஜி, அகர் கலந்த கரைசலைப் பொதியில் ஊற்றி மூடிவிட்டு, கதிர் காட்டினார்கள். ஒரே கதிர் கரைசலை ஜெல்லாகப் பிணைத்தது, கிருமியையும் நீக்கியது. முடித்த ஜெல்லைக் கதிர் கெடுக்கிறதே என்று நாம் புலம்பும் அதே வினை, அங்கே ஜெல்லைச் செய்கிற வினை. நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் தீப்புண்ணுக்கான பிவிஏ ஜெல்லை இந்த வழியில்தான் உருவாக்கியது. உங்களுக்கு உறைநிலை ஜெல்லின் துளையமைப்பு வேண்டும், அதனால் வெப்ப வழி.

---

குளிர்ஜெல் · வியாழன், காலை 7:05

சார், படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இன்றைக்கே தொடங்குகிறேன்.

---

சிஎஸ்எஸ்டி_செல்வி · வியாழன், காலை 8:22

தொடங்கும் முன் சில விஷயம். திரவச் சுற்றில் வையுங்கள், நீராவியை மெதுவாக வெளியேற்றுங்கள். வேகமாக இறக்கினால் மூடி தெறிக்கும். வெப்ப உணரியை ஒரு மாதிரிக் குப்பியின் கரைசலுக்குள்ளேயே விட்டு, உள்ளே 121 ஆன பிறகு நிமிடத்தை எண்ணுங்கள். கெட்டியான கரைசல் மெதுவாகத்தான் சூடேறும். இன்னொரு குப்பியில் ஸ்போர் ஆம்பூல், அதாவது ஸ்போர் அடைத்த சிறு கண்ணாடிக் குழாய், அதில் ஸ்போர் பிழைத்திருந்தால் நிறம் மாறும். பாலிஸ்டைரீன் தட்டு வளைந்துவிடும், கண்ணாடி அல்லது பாலிபுரோப்பிலீன் மட்டும்.

---

குளிர்ஜெல் · அடுத்த திங்கள், இரவு 9:40

முதல் சுற்று நடந்தது. அகலமான சீரம் குப்பிகள், ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கரைசல், ரப்பர் அடைப்பான், அலுமினியக் கவசம். ஆட்டோகிளேவுக்கு முன்னும் பின்னும் எடை போட்டேன், மாற்றமே இல்லை. உறைந்தபோது கண்ணாடி உடையவில்லை, மேலே இடம் இருந்தது.

ஜெல் வந்தது. ஆனால் வட்டின் மேற்பரப்பு முழுக்க அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். குப்பி ஆறும்போது அடைப்பானின் அடியில் நீர்த்துளிகள் முத்து முத்தாகக் கோத்து நிற்கின்றன, பிறகு ஒவ்வொன்றாகக் கரைசல் மேல் விழுகின்றன. விழுந்த இடத்தில் கரைசல் நீர்த்துப்போய், அங்கே ஜெல் பிடிக்கவில்லை.

---

லென்ஸ்_வேலை · திங்கள், இரவு 10:12

சூடு ஆறுவதற்குள் குப்பியை மெதுவாகச் சுழற்றி அந்த நீரைக் கரைசலோடு திரும்பச் சேர்த்துவிடுங்கள். குலுக்க வேண்டாம், குமிழி நிற்கும். அப்புறம் 60 டிகிரி அவனில் சமதளத்தில் ஒரு மணி நேரம். குமிழி மேலே ஏறிப் போய்விடும், மேலேயும் கீழேயும் ஒரே சூடு என்பதால் புதிய துளிகளும் குறையும். பிறகு நேராக உறைபெட்டி.

---

பெரியசாமி_பாலிமர் · செவ்வாய், காலை 6:15

ஒப்பிடும்போது கவனம். ஒரே நாளில் செய்த ஒரே கரைசலை இரண்டாகப் பிரியுங்கள், ஒரு பாதி பழைய முறை, ஒரு பாதி புதிய முறை. வீக்கம், அமுக்க விறைப்பு, கரையாமல் மிஞ்சும் ஜெல் விகிதம் மூன்றையும் பாருங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பிவிஏ உறைநிலை ஜெல் வைத்திருக்கும்போதே மெல்ல மெல்லப் படிகம் சேர்த்து நீரைக் கக்கும். அதைக் கிருமிநீக்கத்தின் தலையில் போட்டுவிடக் கூடாது.

---

சிஎஸ்எஸ்டி_செல்வி · செவ்வாய், காலை 8:50

காய்ச்சல் வரவைக்கும் பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினையும் மறக்காதீர்கள். நீராவி பாக்டீரியாவைக் கொல்லும், அதன் செத்த உறையில் இருக்கும் எண்டோடாக்சின் அப்படியே இருக்கும். எலிக்குக் காய்ச்சல் வந்தால் ஜெல்லைக் குறை சொல்வீர்கள். கண்ணாடிக் குப்பியை முதலில் 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வையுங்கள். ஊசிக்குப் பயன்படுத்தும் தரத்து நீர் மட்டும் எடுங்கள்.

---

குளிர்ஜெல் · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:20

தாமதத்துக்கு மன்னிக்கவும். குழிகள் போய்விட்டன. சுழற்றிவிட்டு 60 டிகிரியில் வைத்தது வேலை செய்தது. ஒவ்வொரு பக்கமும் 6 வட்டுகளை வைத்து அமுக்கிப் பார்த்தேன், பழைய முறைக்கும் புதிய முறைக்கும் சொல்லும்படி வேறுபாடு இல்லை. வீக்கமும் அப்படியே. குப்பியின் கழுத்து வட்டைவிடக் குறுகல்தான், ஆனால் இடுக்கியால் விளிம்பைப் பிடித்து இழுத்தால் மடிந்து வெளியே வந்து, மறுபடி விரிந்துகொள்கிறது. ஸ்போர் ஆம்பூல் நிறம் மாறவில்லை, கூடவே வைத்த சூடாக்காத ஆம்பூல் மறுநாளே மஞ்சளாகிவிட்டது.

இப்போது கிருமிச் சோதனை ஓடுகிறது. தயோகிளைக்கோலேட் ஊடகம் ஒரு பக்கம், சோயா கேசின் ஊடகம் ஒரு பக்கம், 14 நாள். வட்டே கிருமியை அடக்கி வைத்து ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு குழாய்களில் வட்டோடு தெரிந்தே கொஞ்சம் கிருமியும் போட்டேன். அவை இரண்டாம் நாளே கலங்கிவிட்டன. மற்ற எல்லாக் குழாய்களும் இன்று ஒன்பதாம் நாள், தெளிவாக இருக்கின்றன. தினமும் காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் அவற்றைத்தான் முதலில் பார்க்கிறேன்.